மாமனாரின் ஈஸி சேரும் எல் சோஃபாவும்

கேள்வி: எங்கள் ஃப்ளாட் ஹால் 16க்கு 11 அடி. மாமனாரின் தேக்கு ஈஸி சேரும், மேலே பளிங்கு வைத்த வட்ட மேஜையும் ஊரிலிருந்து வந்திருக்கின்றன. தவணையில் வாங்கிய சாம்பல் நிற எல் சோஃபா, பளபளவென்று ஒரு வெள்ளை டிவி யூனிட் ஏற்கெனவே இருக்கின்றன. ஹால் பழைய சாமான் கடை மாதிரி ஆகிவிட்டது, பழசை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சரியில்லை. என்ன செய்வது?
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: விற்காதீர்கள். மாமியாருக்காகச் சொல்லவில்லை. பழைய சாமான் கடைக்காரர் தரும் காசில் அதே தரத் தேக்கில் ஒரு ஸ்டூலாவது செய்ய முடியுமா என்பது சந்தேகம்தான்.

முதலில் டேப்பை எடுத்து உயரங்களை அளந்து பாருங்கள். பழசும் புதுசும் ஒட்டாமல் தெரிவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும். சோஃபாவில் உட்காரும் இடம் பொதுவாக 16 முதல் 18 அங்குலம், அந்தக் காலத்து வட்ட மேஜை 28, 30 அங்குலம் கூட இருக்கும், அதைக் கொண்டுபோய் சோஃபாவுக்கு முன்னால் போட்டால் உட்கார்ந்திருப்பவர் நெஞ்சுக்கு நேரே பளிங்கு நிற்கும், கடை மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? சோஃபா முன்னால் அதன் உட்காரும் உயரத்துக்கு ஓரிரு அங்குலம் குறைவான டீப்பாய் ஒன்று, இடையில் ஒன்றரை அடி இடைவெளி, போதும்.

மேஜையை ஜன்னல் ஓரம் தள்ளி, பக்கத்தில் ஈஸி சேரைக் கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள். பழைய பொருள் ஒன்று மட்டும் தனியாக நின்றால் யாரோ விட்டுவிட்டுப் போனது போல் இருக்கும், இரண்டு சேர்ந்தால் அதுவே ஒரு மூலையாகிவிடும், படிக்கிறவருக்குக் காபி டம்ளர் வைக்கவும் கைக்கெட்டும். எலுமிச்சை ஜூஸ் மட்டும் வேண்டாம், புளிப்பு பட்டால் பளிங்கு அரித்து மங்கிப்போகும். கைப்பிடிப் பலகைகளை முன்னால் திருப்பிக் காலை நீட்டுகிற வகை சேர் என்றால் எதிரே நடக்கவும் வழி விட வேண்டும்.

சோஃபாவைப் பற்றிக் கவலையில்லை, சாம்பல் நிறம் எதோடும் போகும். அந்த ஹாலில் உண்மையில் அந்நியன் வெள்ளை டிவி யூனிட்தான். அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, இரண்டு கதவை மட்டும் கழற்றித் தச்சரிடம் கொடுத்து, தேக்குச் சட்டத்தில் பிரம்புப் பின்னல் வைத்து வாங்குங்கள். பிரம்பு பழசு என்று கணவர் முகம் சுளித்தால், சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக 1950களில் சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜானரே வடிவமைத்த நாற்காலிகளைக் காட்டுங்கள். தேக்கும் பிரம்பும்தான், ஆனால் கோடுகள் அத்தனையும் நவீனம், இன்று வெளிநாட்டு ஏலங்களில் அவற்றுக்கு அடிதடி!

அப்புறம் பாலிஷ். ஈஸி சேரைப் பார்த்ததும் யாராவது "மெஷின் போட்டுத் தேய்த்து, டிவி யூனிட்டுக்கு மேட்சாகப் பியூ அடித்துத் தருகிறேன்" என்பார். பியூ என்றால் பாலியூரித்தேன், பிளாஸ்டிக் மாதிரிப் படியும் பூச்சு. விடாதீர்கள். பழைய பொருளில் அநேகமாக ஃபிரெஞ்ச் பாலிஷ் இருக்கும், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு அது, மங்கினால் அதன்மேலேயே இன்னொரு கை ஓட்டலாம். பியூ ஒருமுறை ஏறிவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டும்போது இத்தனை வருஷத்து நிறமும் சேர்ந்து போகும். மரங்களின் நிறம் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, எல்லாம் பழுப்பின் பக்கம் சாய்ந்திருந்தால் சரி. (ஃபிரெஞ்ச் பாலிஷ் மேல் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும், அதற்கு நானும் பொறுப்பில்லை, தச்சரும் பொறுப்பில்லை.)

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் சேருக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கை, மரம் துளைக்கும் உளுப்பூச்சி எளிதில் தொடாது, ஆனால் விளிம்பில் வெளிர் பகுதி சேர்ந்திருந்தால் அங்கே துளைக்கும். புதிதாக மாவு விழுந்தால் மருந்தடித்த பிறகுதான் ஹாலுக்குள் விட வேண்டும், சோஃபாவின் சட்டம் சாதாரண மரமாக இருந்தால் அடுத்த விருந்து அதில்தான்.

கேள்வி: காரைக்குடியில் பழைய மரச் சாமான் வாங்கப் போகிறோம். நிஜமாகவே பழசுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், திருச்சி

பதில்: முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகக் கடைகள் உண்டு, எல்லாமே "பர்மா தேக்கு" என்றுதான் சொல்வார்கள். மேல்புறம் பார்க்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள். மெஷின் இல்லாமல் கையால் இழைப்புளி ஓட்டிய மேடு பள்ளம் அடிப்பலகையில் கையில் தட்டுப்பட்டால் நல்லது. நட்சத்திரத் தலைத் திருகு, அதாவது தலையில் கூட்டல் குறி போல் பள்ளம் உள்ளது, 1930களுக்கு முன் கிடையாது. ஒன்றிரண்டு இருந்தால் பிறகு பழுது பார்த்ததாக இருக்கலாம், எல்லாமே அதுவாக இருந்தால் நூறு வருஷத்துப் பொருள் என்ற விலையைக் கொடுக்காதீர்கள்.