கொலையாளி கட்டத்துக்குள் அடங்கவில்லை: வாசகர் கேள்வி-பதில்

கதையைப் படித்து, குறுக்கெழுத்தை நிரப்பி, குற்றவாளியைப் பிடிக்கும் புத்தகங்கள் பற்றி இந்த வாரம் நிறைய கடிதங்கள்.

கேள்வி: 'கெய்ன்ஸ் ஜாபோன்' என்ற ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். பக்கங்கள் தாறுமாறாக அச்சாகியிருக்கின்றன. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (சேலம்)

பதில்: அவர் மறுப்பது சரிதான். 1934-ல் வந்த அந்தக் கதையின் 100 பக்கங்களும் வேண்டுமென்றே கலைத்து அச்சிடப்பட்டவை. வரிசைப்படுத்தி ஆறு கொலைகளைத் துப்பறிவதுதான் புதிரே. என்ன புத்தகம் என்று பார்க்காமல் பணம் கட்டிவிட்டுக் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: 'புதியது போல' என்று ஆன்லைனில் விற்ற பழைய புதிர்ப் புத்தகம். வந்து பார்த்தால் எல்லாக் கட்டங்களும் பேனாவால் நிரப்பியிருக்கின்றன. கொலையாளி பெயரைச் சுற்றி வட்டம் வேறு! (திருச்சி)

பதில்: படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. கட்டம் நிரம்பிவிட்டால் அந்தப் புத்தகத்தில் வாங்குவதற்கு எதுவுமே மிச்சமில்லை. விற்பனை விளம்பரத்தையும் பக்கங்களையும் படம் எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகனுக்குத் தமிழில் துப்பறியும் புதிர்ப் புத்தகம் வாங்கினேன். விடை 'தோட்டக்காரன்'. ஆனால் 12 கட்டங்கள் இருக்கின்றன. அச்சுப் பிழையா? (மதுரை)

பதில்: அச்சுப் பிழை என்றால் மன்னித்துவிடலாம். இது அக்கறையின்மை. தோ, ட், ட, க், கா, ர, ன்: நமக்கு ஏழு எழுத்து. கணினிக்கு 12 குறியீடு, ஏனென்றால் புள்ளியையும் துணைக்காலையும் அது தனித்தனியாக எண்ணும். ஆங்கிலத்துக்குச் செய்த மென்பொருளில் தமிழைக் கொட்டி, வந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 'கொலை'க்கு நாலு கட்டம் போட்டதையும் பார்த்திருக்கிறேன். சாதாரணக் குறுக்கெழுத்தில் இது எரிச்சலோடு போகும். துப்பறியும் கதையில் எழுத்து எண்ணிக்கையே தடயம். கதையைக் கவனமாகப் படித்து ஏழு எழுத்து எழுதிய பிள்ளை, தன் விடை தப்பு என்று நினைத்து அழித்துவிடும். அதுதான் எனக்குக் கோபம்.

நானும் புத்தகக் கண்காட்சியில் பிளாஸ்டிக் உறை போட்ட செட் ஒன்றை 650 ரூபாய்க்கு அக்கா மகளுக்கு வாங்கினேன். கடைசிக் கதையின் விடை 'அடுத்த தொகுதியில்' என்று போட்டிருந்தது. அடுத்த தொகுதி வரவே இல்லை. அவள் இன்றும் கேட்கிறாள். அப்புறம், உறையைப் பிரித்துக் காட்டாத கடையில் நான் புதிர்ப் புத்தகம் வாங்குவதில்லை. உங்களிடம் பில் இருந்தால், குறையுள்ள பொருள் என்று எழுதிப் பதிப்பகத்திடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மகனிடம் அவன் விடை சரி என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த கொலைப் புதிருக்கு 499 ரூபாய் கட்டி விடை அனுப்பினேன். கார் பரிசாம். இப்போது வரி முன்பணம் 18,000 கேட்கிறார்கள். கட்டலாமா? (ஈரோடு)

பதில்: ஒரு பைசா கூடக் கட்டாதீர்கள். உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

கேள்வி: பரிசாகக் கொடுக்க, விடை அச்சிட்ட புத்தகம் நல்லதா, விடைக்குக் கியூஆர் கோடு போட்டது நல்லதா? (நெல்லை)

பதில்: விடை அச்சிட்டது.