சுரைப்பூ அந்தியில் விரியும்: மாடித்தோட்டக் கேள்விகள்

ஆடியில் விதை போட்டவர்களுக்கு இப்போது, புரட்டாசியில், பூவும் பிஞ்சும் தெரிகிற நேரம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கொடிக்காய் பற்றியவை. மீதி, பறித்ததை எப்படிச் சமைப்பது என்பது.

சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கிறது. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறது. உரம் போதவில்லையா? (வாசகி, தாம்பரம்)

உரம் காரணமில்லை அம்மா, மகரந்தம் சேரவில்லை. பூக்களைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மெல்லிய நீளக் காம்பில் வெறுமனே நிற்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருந்தால் அது பெண் பூ. முதலில் ஆண் பூக்கள்தான் வரும். பெண் பூ தலைகாட்ட இரண்டு வாரம்கூட ஆகலாம்.

சுரைப்பூ சாயங்காலம் விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் வாடிவிடும். பகலில் வரும் தேனீயால் அதற்குப் பெரிய உதவி இல்லை. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிதான் மகரந்தம் கொண்டுவர வேண்டும். அது மூன்றாவது மாடி வரை வரும் என்று காத்திருந்தால் பிஞ்செல்லாம் உதிரும். அதனால் அந்த வேலையை நாமே செய்ய வேண்டியதுதான். ஆறு மணிக்கு மேல் மாடி ஏறுங்கள். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, வெள்ளை இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில் (மகரந்தம் ஒட்டும் முனை) மெதுவாகத் தடவுங்கள். மஞ்சள் தூள் ஒட்டுவது கண்ணுக்கே தெரியும். மூன்று நாளில் பிஞ்சு பச்சை மாறாமல் பருக்கத் தொடங்கினால் காய் பிடித்துவிட்டது.

பீர்க்கனுக்கும் இதே சாயங்கால நேரம்தான். பாகலும் பூசணியும் காலையில் விரியும், அவற்றுக்குக் காலை எட்டு மணிக்குள் செய்யுங்கள். அப்புறம், கொடி ஆறேழு அடி ஏறியதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் வரும்.

எங்கள் கொடியில் வந்த ஒரு சுரைக்காய் லேசாகக் கசந்தது. புளி சேர்த்துச் சமைத்தால் சரியாகிவிடுமா? (வாசகர், திண்டுக்கல்)

ஆகாது. அந்தக் காயைத் தயவுசெய்து குப்பைக்குழியில் போட்டுவிடுங்கள். வீட்டில் வளர்த்ததை எறிய மனசு வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதில் இரக்கம் பார்க்கக் கூடாது. கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள். வேகவைத்தாலும் உப்பு, புளி சேர்த்தாலும் அது போகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, குடலில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோய் விடும். உடம்பு இளைக்கப் பச்சைச் சாறு குடிப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிபுணர் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கையின் அறிவுரையும்.

பாகற்காய்க் கசப்பை நினைத்துக்கொண்டு இதையும் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கசப்பு வேறு, இது வேறு. எந்தச் சுரைக்காயை நறுக்கினாலும் முதலில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்த காயின் விதையை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம். தெரியாமல் சாப்பிட்டு வாந்தி எடுத்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தக்காளியின் அடிப்பக்கம் மட்டும் கறுத்து அமுங்குகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (வாசகர், சேலம்)

மருந்து வேண்டாம். பூச்சியோ கிருமியோ இல்லை, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சத்து இருந்தாலும், ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் செடியால் அதை மேலே ஏற்ற முடியாது. அளவாகத் தினமும் ஊற்றுங்கள், செடிப் பையின் மண்மேல் காய்ந்த சருகு பரப்புங்கள். முட்டை ஓட்டுத் தூள் மக்கவே மாதக்கணக்கில் ஆகும், அதை அடுத்த நடவுக்கு மண்ணில் கலக்கலாம்.

வாரத்துக்கு எட்டு வெண்டைக்காய், மூன்று கத்திரிக்காய், ஒரு பீர்க்கங்காய். இதை வைத்து நாலு பேருக்கு என்ன சமைப்பது? (வாசகி, மதுரை)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கடையில் கிலோக் கணக்கில் வாங்கிப் பழகியதால் கொஞ்சம் காய் என்றால் கை ஓடுவதில்லை. நாலு வெண்டைக்காயை வட்டமாக நறுக்கி மொறுமொறுவென்று வறுத்து, சாப்பிட உட்காரும்போது தயிரில் போட்டுத் தாளித்தால் வீட்டுக்கே போதுமான பச்சடி. மூன்று கத்திரிக்காயோடு ஒரு முருங்கைக்காய் வாங்கிச் சேர்த்தால் கதம்ப சாம்பார். வெண்டையை மட்டும் சேர்த்து வைக்கிறேன் என்று செடியில் விடாதீர்கள், இரண்டு நாள் தாண்டினால் நாராகிவிடும். பறித்து, ஈரமில்லாமல் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பீர்க்கங்காய் ஒன்றே இரண்டு வேலைக்கு ஆகும். சதை கூட்டுக்கு. தோலைச் சீவும்போது முகட்டு நரம்பை முதலில் தனியாக எடுத்துவிடுங்கள், அது வாயில் நார் நாராக நிற்கும். மீதித் தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். இரண்டு ஸ்பூன் உளுந்தும் நாலு வற்றல் மிளகாயும் தனியே சிவக்க வறுத்து, கொட்டைப்பாக்கு அளவு புளி, கல் உப்பு, ஒரு பிடி தேங்காய் சேர்த்து, தண்ணீர் அதிகம் விடாமல் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். சூடான சோற்றில் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். மருந்தடிக்காத தோல் என்பதால் மனசுக்கும் நிம்மதி.

கறிவேப்பிலைச் செடி ஒற்றைக் குச்சியாக வளர்கிறது. (வாசகி, ஆவடி)

நுனியைக் கிள்ளுங்கள், பக்கத்தில் கிளை விடும். பறவை எச்சம்போல ஒரு புழு இலையில் ஒட்டியிருந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டி. கையாலேயே எடுத்துவிடலாம்.

ஆடியில் போட்ட கொடி அவரை இலையாகவே தழைக்கிறது. பூவே இல்லை. பிடுங்கிவிடலாமா? (வாசகர், நாமக்கல்)

பிடுங்காதீர்கள்! நாட்டுக் கொடி அவரை பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். எப்போது விதைத்தாலும் அது காத்திருப்பது அந்தக் குறுகிய பகலுக்காகத்தான். இப்போது தழைச்சத்து உரம் எதுவும் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொத்துக் கொத்தாகப் பூ வரும், பொங்கல் குழம்புக்குக் காய் உங்கள் பந்தலிலேயே இருக்கும். பனிக்காலத்தில் பூங்கொத்தில் கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பும். காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.