விண்டமின் இருபது வருடங்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். போன மாதக் கட்டுரை ஒன்றில் போகிறபோக்கில் ஆங்கில எழுத்தாளர் ஜான் விண்டமின் ‘தி டே ஆஃப் த ட்ரிஃபிட்ஸ்’ நாவலைக் குறிப்பிட்டிருந்தீர்கள். வாங்கி இரண்டே இரவில் முடித்துவிட்டேன். ட்ரிஃபிட் என்றால் நடக்கும் செடி என்றதும் சிறுவர் கதையாக இருக்கும் என்று நினைத்தேன், ஏமாந்தேன். ஆனால் அறிவியல் புனைகதை நிறைய வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது சிரித்தார். “அது இங்கிலாந்து நடுத்தர வர்க்கத்தின் பிக்னிக். உலகமே அழிந்தாலும் ஹீரோவுக்கு நல்ல சாப்பாடு, நல்ல கார், அழகான பெண். பிரையன் ஆல்டிஸ் அப்போதே கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. இந்த நாவல் வெளிவந்தபோது விண்டமுக்குக் கிட்டத்தட்ட 48 வயது. அதற்கு முன் இருபது வருடம் வேறு வேறு பெயர்களில் எழுதியிருக்கிறார், பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அந்த இருபது வருடமும் வீணா, இல்லை அதுதான் பயிற்சியா? நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். அடுத்து அவருடைய எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் நண்பரின் சிரிப்பு. ஆல்டிஸும் அறிவியல் புனைகதை எழுத்தாளர்தான், 1973-ல் அந்த வகையின் வரலாற்றை எழுதினார். அதில் விண்டமின் நாவல்களைச் ‘சொகுசுப் பேரழிவு’ என்று ஒரு பெட்டியில் போட்டு மூடினார். ஊரெல்லாம் செத்துக்கொண்டிருக்க, கதாநாயகன் மட்டும் பெரிய ஓட்டலில் இலவச அறை, நினைத்த கார், கூட ஒரு பெண் என்று சுகமாக இருக்கிறான் என்பது குற்றச்சாட்டு. கிண்டல் நன்றாக அமைந்துவிட்டதால் ஐம்பது வருடமாக ஓடுகிறது. நாவலைத் திறந்தே பார்க்காதவர்கள்கூடச் சொல்கிறார்கள்.

நீங்கள் இப்போதுதான் படித்திருக்கிறீர்கள். முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். வானத்தில் பச்சை ஒளிமழையை வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோருக்கும் விடிந்ததும் பார்வை இல்லை. கண்ணில் கட்டுப் போட்டிருந்ததால் அதைப் பார்க்க முடியாமல் போன பில் மேசன் தப்பித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து ஒரு மதுக்கடைக்குள் நுழைகிறான். கடையின் பெயர் அலமேன் ஆர்ம்ஸ். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ஜெயித்த இடத்தின் பெயர், பலகையில் தளபதி மாண்ட்கோமரியின் படம். உள்ளே கடைக்காரர் புட்டிகளைத் தடவித் தடவிக் குடித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளுக்கும் பார்வை போய்விட்டது என்று தெரிந்ததும் அவருடைய மனைவி அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேஸைத் திறந்துவிட்டுப் படுத்துவிட்டாள். தனக்கு அந்தத் தைரியம் அப்போது வரவில்லை என்கிறார். குடித்ததும் வந்துவிடுகிறது. மாடிப்படி ஏறிப் போகிறார். மேசன் தடுக்கவில்லை.

பிக்னிக் இப்படியா தொடங்கும்?

உங்கள் நண்பர் சொல்லும் காட்சியும் நாவலில் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. மேசனும், வழியில் அவன் சந்தித்த பார்வையுள்ள பெண் ஜோசெல்லாவும் ஆளில்லாத ஆடம்பர அடுக்ககம் ஒன்றில் இரவு தங்குகிறார்கள். அவள் யாருடையதோ பட்டு உடையையும் நகைகளையும் போட்டுக்கொண்டு விருந்துக்கு வருகிறாள். ஆனால் அதற்குச் சற்று முன்பு, அதே கட்டடத்தின் நடைவழியில், பார்வை போன ஓர் இளம் ஜோடி சுவரைத் தடவிக்கொண்டே வந்து ஜன்னல் வழியாகச் சேர்ந்து குதிப்பதை மேசன் பார்த்திருக்கிறான். அதைப் பார்த்த வாசகர்தான் அந்த விருந்துக்கு உட்கார்கிறார். பட்டு உடையும் நகையும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

பிறகு கோக்கர். பார்வை உள்ளவர்களைப் பிடித்துப் பார்வையற்றவர்களின் குழுக்களோடு சங்கிலியில் பிணைத்து, “இவர்களுக்குச் சோறு தேடிக் கொடு” என்று விடுகிறான். மேசனின் குழுவில் ஒரு சின்னப் பெண். நீ எங்களை விட்டுப் போகாமல் இருந்தால் நான் உன்னோடு படுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல இரவில் அவன் அறைக்கு வருகிறாள். கொஞ்ச நாளில் கொள்ளைநோய் அவளையும் பிடிக்கிறது. வலி தாங்காமல் முடித்துக்கொள்ள ஏதாவது கொடு என்று கேட்கிறாள். அவன் மருந்துக் கடைக்குப் போய் எடுத்து வந்து கொடுக்கிறான். அவள் பெயரைக்கூட அவன் கேட்டிருக்கவில்லை. இத்தனையையும் விண்டம் ஆபீஸ் கடிதம் எழுதுகிற குரலில் சொல்லிக்கொண்டு போகிறார். ஆல்டிஸ் அந்தக் குரலைச் சொகுசு என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அது வாசகரைச் சிக்கவைக்கும் பொறியாகத்தான் படுகிறது.

ஆல்டிஸ் பக்கமும் நியாயம் இருக்கிறது. படித்த, நன்றாகப் பேசத் தெரிந்த தன் வர்க்கத்து ஆட்கள் மேல் விண்டமுக்குப் பிரியம் அதிகம். அவர்களைச் சாகவிட மனம் வராது. கடைக்காரர் சாவார், பெயர் தெரியாத பெண் சாவாள். போதாக்குறைக்கு எல்லா நாவலிலும் யாராவது ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பரிணாமத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வார். அந்தப் பக்கங்களை நான் இப்போதெல்லாம் தாண்டிவிடுகிறேன்.

இனி அந்த இருபது வருடங்கள்.

முழுப் பெயர் ஜான் விண்டம் பார்க்ஸ் லூக்காஸ் பெய்னன் ஹாரிஸ். 1903-ல் பிறந்தார். அப்பா பாரிஸ்டர், அம்மா பர்மிங்காம் இரும்பாலை முதலாளி வீட்டுப் பெண். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, பையன் விடுதிப் பள்ளி மாற்றி விடுதிப் பள்ளியாக வளர்ந்தான். பீடேல்ஸ் பள்ளியில்தான் கொஞ்சம் நிம்மதி. அதன் பிறகு விவசாயம், சட்டம், விளம்பர வேலை என்று எதிலும் நிலைக்கவில்லை. வீட்டிலிருந்து மாதாமாதம் வந்த பணம் சோறு போட்டது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 48 வயதுவரை காத்திருக்க அவருக்கு வசதி இருந்தது.

1930-ல் ஓர் அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகை நடத்திய வாசகப் போட்டியில் பரிசு வாங்கினார். பத்திரிகைக்குப் பொருத்தமான விளம்பர வாசகம் எழுத வேண்டும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு ‘வொண்டர் ஸ்டோரீஸ்’ இதழில் முதல் கதை, ஜான் பெய்னன் ஹாரிஸ் என்ற பெயரில். சாணித்தாளில் அச்சாகி, பளபளப்பான அட்டையோடு ரயில் நிலையங்களில் விற்ற வகைப் பத்திரிகை. அங்கே எது எடுபடும் என்பது முன்பே முடிவாகியிருந்தது: ராக்கெட், கிரகம், வேற்று இனம், காப்பாற்றப்படும் பெண். விண்டம் அதைத்தான் கொடுத்தார். 1935-ல் வந்த நாவலில் சஹாரா பாலைவனத்தைக் கடலாக்குகிறார்கள், அடியில் குள்ளர்கள் வாழ்கிறார்கள். 1936 நாவலில் செவ்வாய்க்கு ராக்கெட் போகிறது, உள்ளே ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள். கைத்தொழில் சுத்தமாக இருக்கிறது, யாரும் எழுதியிருக்கலாம் என்றும் இருக்கிறது. இதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்ட வைக்கும் வேகத்தை அங்கே கற்றிருக்கலாம். அலமேன் ஆர்ம்ஸை எழுதும் கை அங்கிருந்து வரவில்லை.

அது போரிலிருந்து வந்தது. போரின்போது லண்டனில் தகவல் அமைச்சகத்தில் தணிக்கையாளராக இருந்தார். அந்த அமைச்சகத்தின் தலைமையிடம் புளூம்ஸ்பரியில் உள்ள லண்டன் பல்கலைக்கழகத்தின் உயரமான கோபுரக் கட்டடம். ட்ரிஃபிட்ஸ் நாவலில் இருண்டு கிடக்கும் லண்டனுக்கு நடுவே ஒரு விளக்கு எரிகிறதே, தப்பியவர்கள் கூடும் இடம், அது இதே கோபுரம்தான். பிறகு ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்து, சங்கேதச் செய்திகளைக் கையாள்பவராக நார்மண்டிவரை போனார். ஒரு பெரிய நகரம் ஒரே இரவில் நகரமாக இல்லாமல் போனால் மளிகைக் கடையும் மதுக்கடையும் ஆஸ்பத்திரியும் எப்படி இருக்கும் என்பது அவருக்குக் கண்ணால் கண்ட விஷயம். செவ்வாய்க் கிரகத்தை அவர் பார்த்ததில்லை.

திரும்பி வந்த பிறகும் சில ஆண்டுகள் தடுமாற்றம்தான். அந்தக் காலத்தில் தம்பி விவியன் நாவல்கள் வெளியிட ஆரம்பித்திருந்தார். அண்ணனுக்கு அது உறுத்தியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1951-ல் ‘காலியர்ஸ்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில் தொடராக வந்தது ட்ரிஃபிட்ஸ். அதோடு சேர்ந்து புதுப் பெயரும் வந்தது: ஜான் விண்டம். அதன் பிறகு ஆறே வருடத்தில், 1957-க்குள், இன்று நாம் பேசும் எல்லாமே முடிந்துவிட்டன. ‘தி க்ராக்கன் வேக்ஸ்’, ‘தி கிரிசலிட்ஸ்’, ‘தி மிட்விச் குக்கூஸ்’.

1959-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் மறுபடியும் விண்வெளிப் பயணக் கதைகளை எழுதினார். விண்டம் என்ற பெயரைப் பார்த்து வாங்குபவர்கள் இதை எதிர்பார்க்க மாட்டார்களே என்று ஒரு யோசனை. அட்டையில் ‘ஜான் விண்டம், லூக்காஸ் பார்க்ஸ்’ என்று இரண்டு பெயர் போட்டார்கள். லூக்காஸ் பார்க்ஸும் அவரேதான். தன் பெயரின் நடுவிலிருந்து ஒருவரைப் பிய்த்தெடுத்துத் தொழில்நுட்ப ஆலோசகராக நிறுத்திவிட்டார்! முப்பதுகளில் ஜாலியாக எழுதித் தள்ளியதை இப்போது எழுத அவருக்குத் துணைக்கு ஆள் தேவைப்பட்டது. புத்தகம் சுமார்.

தனி வாழ்க்கையைப் பற்றி அதிகம் பேசாதவர். லண்டனில் க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பென் கிளப்பில் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். பக்கத்து அறையில் கிரேஸ் வில்சன் என்ற ஆசிரியை. இருவரும் 1963-ல்தான் திருமணம் செய்துகொண்டார்கள், அவருக்கு அப்போது அறுபது. பிறகு தன் பழைய பள்ளிக்குப் பக்கத்தில், பீட்டர்ஸ்ஃபீல்ட் அருகே வீடு பார்த்துப் போனார்கள். அங்கேதான் 1969-ல் காலமானார்.

அடுத்து ‘தி கிரிசலிட்ஸ்’ படியுங்கள். அணுப்போருக்குப் பல தலைமுறைகளுக்குப் பின், கனடாவின் லாப்ரடாரில் ஒரு மதவெறிக் கிராமம். உடலில் சிறு மாறுபாடு இருந்தாலும் விரட்டிவிடுவார்கள். சோஃபி என்ற சிறுமி ஈரக்காலோடு பாறையில் நிற்கிறாள், அவள் நகர்ந்ததும் அங்கே ஆறு விரல் பதிந்திருக்கிறது, ஒரு பையன் அதைப் பார்த்துவிடுகிறான். விண்டம் எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்பேன். முடிவில் பறந்து வந்து காப்பாற்றுபவர்கள் எதிரிகளையும் அப்பாவிகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டு, உயர்ந்த இனம் என்றால் அப்படித்தான் என்று விளக்கம் சொல்கிறார்கள். கிராமத்துக்காரர்கள் பேசியதும் இதே பேச்சுதான். அதை உங்கள் நண்பருக்குக் கொடுத்துவிட்டு, எது சொகுசு என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகு ‘க்ராக்கன்’. கடலுக்கடியிலிருந்து ஏதோ வருகிறது, பனி உருகிக் கடல் ஏறி லண்டனுக்குள் நுழைகிறது, அதுவரைக்கும் பத்திரிகைகளும் அரசாங்கங்களும் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. முப்பதுகளின் நாவல்களை விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘க்ராக்கன்’ அமெரிக்காவில் ‘அவுட் ஆஃப் த டீப்ஸ்’ என்ற வேறு தலைப்பில், மாற்றங்களோடு வந்தது. பழைய புத்தகக் கடையில் அது கிடைத்தால் வைத்துவிட்டு, பிரிட்டிஷ் பதிப்பை வாங்குங்கள்.