ஒஸ்லோ பனியில் பிள்ளைத்தாச்சி நடக்கலாமா?

தங்கச்சி, நடக்கலாம். நடக்கத்தான் வேண்டும்.

உங்கள் கடிதத்தில், கிளிநொச்சியிலிருந்து ஒக்டோபரில் வந்தேன், இப்போது நாலாம் மாதம், "பனியில் இறங்காதே, இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்று மாமி தினமும் போனில் சொல்கிறா, இங்கே ஒரு மருத்துவிச்சி மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் நல்லாயிருக்கு, வெளியே போய் நட என்று அனுப்பிவிட்டா, யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். மருத்துவிச்சி சொல்வதைக் கேளுங்கள். டாக்டர் பார்க்கவில்லையே என்று பயப்பட வேண்டாம், நோர்வேயில் சுகமாக இருக்கிற கர்ப்பிணியை யோர்டமோர், அதாவது மருத்துவிச்சிதான் பார்ப்பா, அதுவே இங்கே முறை. விருப்பமென்றால் உங்கள் குடும்ப டாக்டரிடமும் மாறி மாறிப் போகலாம், இரண்டுக்கும் காசில்லை. பெரிய ஸ்கான் 17க்கும் 19க்கும் இடைப்பட்ட வாரத்தில் நடக்கும், கடிதம் வரும்.

நான் ஒஸ்லோவில் குரூருட்டாலன் பக்கம் பல வருஷமாக இருக்கிறேன். பனியில் விழுந்து கஷ்டப்பட்ட பிள்ளைத்தாச்சிகளை விட, அந்தக் குளிர்காலம் முழுக்க நாலாம் மாடி பிளாட்டுக்குள் சோறும் டிவியுமாக இருந்து சீனி ஏறியவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். எங்கட சனத்துக்கு கர்ப்பகாலச் சர்க்கரை வருவதற்கான வாய்ப்பு நோர்வேக்காரரை விடக் கூடுதல். அதனால்தான் ஆசியப் பின்னணி உள்ளவர்களை 24க்கும் 28க்கும் இடைப்பட்ட வாரத்தில் குளுக்கோஸ் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். வெறும் வயிற்றோடு போனால் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் தருவார்கள், இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்து திரும்ப இரத்தம் கொடுக்க வேண்டும், ஒரு புத்தகத்தைக் கொண்டுபோங்கள். இங்கத்தைய mmol/L கணக்கில் வெறும் வயிற்றில் 5.3ஐத் தொட்டாலோ இரண்டு மணி நேரத்தின் பின் 9ஐத் தொட்டாலோ கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்வார்கள். யாரும் கூப்பிடாவிட்டால் நீங்களே கேளுங்கள், கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

சோறே சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்குச் சாப்பிடுகிற கதையை மாமியோடயே விட்டுவிடுங்கள். முதல் மூன்று மாதத்துக்குக் கூடுதலாக ஒன்றுமே தேவைப்படாது, பிறகும் கொஞ்சம்தான் கூட்ட வேண்டும். கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, மிச்சம் மீனோ முட்டையோ பருப்போ என்று வைத்தால் போதும். குரக்கன் புட்டு நல்லதுதான், அதற்காக ஒரு பெரிய நீத்துப்பெட்டி முழுதையும் முடித்தால் அதுவும் சீனிதான். சாப்பிட்டு ஒரு கால் மணி நேரம் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவது நன்றாகக் குறையும். சோறு சாப்பிட்ட கையோடு படுக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

சரி, பனி. பயம் நியாயமானது, வயிறு முன்னுக்கு வர வர நிலை தடுமாறும். "பிரொடர்" என்று சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற ஆணி வைத்த ரப்பர் எல்லா விளையாட்டுச் சாமான் கடையிலும் இருக்கு, ஒன்று வாங்குங்கள், இங்கே கிழவிகளே அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வருகிறார்கள். புதுப் பனியில் நடப்பது சுகம். உருகித் திரும்ப உறைந்து கண்ணாடி மாதிரிக் கிடக்கிற நாள்தான் மோசம், அன்றைக்கு ஸ்டூவ்னர் சென்டர் மாதிரி ஒரு கடைத்தொகுதிக்குள்ளே நாலு சுற்றுச் சுற்றினால் சரி. நல்ல வெயில் நாளில் 5ஆம் நம்பர் டி-பானே ரயிலில் சொங்ஸ்வான் ஏரி வரைக்கும் போங்கள். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 3.3 கிலோமீற்றர் மட்டமான பாதை, அரைவாசியில் களைத்தால் திரும்பி வாருங்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் என்பதுதான் கணக்கு, அரை மணி நேரமாகப் பிரித்தால் ஐந்து நாள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும், மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் மெதுவாக்குங்கள். இடுப்பெலும்பு நோவு தொடங்கினால் (இங்கே இது கனபேருக்கு வரும்) வாயை மூடிக்கொண்டு நடக்காமல் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள். இரத்தம் படுகிறது, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று உங்களுக்குத் தனியாக ஏதும் சொல்லியிருந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு அவ சொல்வதைச் செய்யுங்கள்.

ஊரில் கிளினிக்கில் திரிபோஷா சத்துமா தந்த மாதிரி இங்கே யாரும் எதையும் கையில் தரமாட்டார்கள், நீங்களாக வாங்க வேண்டும். குளிர்காலத்தில் இந்த வெயிலால் எங்கட தோலில் விட்டமின் டி உண்டாகாது, ஆகவே நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுங்கள். அயடினையும் மறக்காதீர்கள். ஊரில் கடை உப்பிலேயே அயடின் இருக்கும், இங்கத்தைய உப்பை நம்ப முடியாது, பால், தயிர், வெள்ளை மீன் இதுகளில்தான் கிடைக்கும், பால் குடிக்காத ஆள் என்றால் மருத்துவிச்சியிடம் கட்டாயம் கேளுங்கள். இரும்புச்சத்துக் குளிசை தந்தால் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்காதீர்கள், உடம்பில் சேராது. டிசம்பரில் உங்கள் வீட்டுக்காரரின் வேலையிடத்து விருந்துக்குப் போனால் ரக்ஃபிஸ்க் (புளிக்க வைத்த மீன்), கிராவ்லக்ஸ் (உப்பும் சீனியும் போட்டு ஊறவைத்த பச்சைச் சல்மன்), புகையூட்டிய மீன் இருக்கிற மேசையைத் தாண்டிப் போங்கள், லிஸ்டீரியா என்கிற கிருமிப் பயம். வெந்த சல்மன் தாராளமாகச் சாப்பிடலாம்.

மொழி தெரியவில்லை, வீட்டுக்காரர் வேலையை விட்டு வரவேண்டியிருக்கு என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் வரட்டும், பிள்ளையின் தகப்பன்தானே, ஆனால் மொழிபெயர்க்க வேண்டியது அவருடைய வேலை இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது சுகாதார நிலையத்தின் பொறுப்பு, 2022இலிருந்து அதற்கென்று தனிச் சட்டமே இருக்கு, உங்களுக்குச் செலவில்லை. புருஷனுக்கு முன்னால் சொல்லக் கூச்சமான விஷயமும் இருக்குமே. நீங்களும் துப்புரவு வேலை மாதிரி ஏதும் தொடங்கியிருந்தால், வேலை நேரத்தில்தான் பரிசோதனைக்குப் போக முடியும் என்றால் அந்த நேரத்துக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. பாரம் தூக்குவது, இரசாயனம் பாவிப்பது பிள்ளைக்குக் கேடு என்றால் முதலாளி வேலையை மாற்றித் தர வேண்டும், முடியாவிட்டால் அதற்கென்று நாவ் என்கிற அரச உதவி அலுவலகம் காசு கொடுக்கும்.

பிள்ளை அசைவது குறைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, தாங்காத தலையிடியோடு கண் மங்கினாலோ அடுத்த சந்திப்பு வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிப் பிரசவப் பிரிவுக்குப் போன் அடியுங்கள். அந்த நம்பரை இப்பவே போனில் போட்டு வையுங்கள். அவசர டாக்டருக்கு 116117, உயிர் போகிற அவசரம் என்றால் 113.

கடைசியாகக் கேட்ட மீனெண்ணெய், அதுதான் "த்ரான்", குடிக்கலாம். ஒரு சின்னக் கரண்டி, 5 மில்லிலீற்றர், அதிலேயே அந்த 10 மைக்ரோகிராம் விட்டமின் டி வந்துவிடும், அதற்கு மேல் வேண்டாம், விட்டமின் ஏ உள்ள வேறு குளிசையும் அதோடு சேர்க்க வேண்டாம். நாற்றம் தாங்காவிட்டால் குளிருக்குள் வைத்துக் குடியுங்கள், எலுமிச்சை வாசம் போட்டதும் விற்கிறார்கள். அப்பவும் முடியவில்லையா, விட்டமின் டி குளிசையை வாங்குங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.