மலைப்பாம்புக்கு 60 வாட்டா, 100 வாட்டா? முதலில் இரண்டு மண்பானை வாங்குங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகன் போன வருடம் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புக் குட்டி ஒன்று வாங்கினான். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த சான்று இருக்கிறது. இப்போது இரண்டரை அடி நீளம். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் தேங்காய் நார்த்தூள் போட்டு, வலை மூடியால் மூடி வைத்திருக்கிறோம். குளிர் தொடங்கியதும் கோழிக்குஞ்சுக்குப் போடும் 60 வாட் பல்பை உள்ளே தொங்கவிட்டேன். ஏழு வாரமாக எலி தின்னவில்லை. ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்தபடி சுற்றுகிறது. நேற்று பார்த்தால் விலாவில் இரண்டு இடத்தில் செதில் பழுப்பாகச் சுருங்கியிருக்கிறது. சூடு போதவில்லையா? 100 வாட் போடலாமா? ஒளிய இடம் கொடுத்தால் மனிதருக்குப் பழகாது என்று விற்றவர் சொன்னதால் உள்ளே வேறெதுவும் வைக்கவில்லை. மகன் தினமும் தோளில் போட்டுப் பழக்குகிறான்.

பதில்: 100 வாட் வேண்டாம் நண்பரே. இப்போது உள்ளே தொங்கும் 60 வாட்டையும் இந்தக் கடிதம் கண்டவுடன் வெளியே எடுத்துவிடுங்கள். நீங்கள் பார்த்த பழுப்பு நிறம் தீக்காயம். இன்றைக்கு ராத்திரிக்கு அந்தப் பல்பை வலை மூடிக்கு மேலே, பாம்பின் உடல் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். தொட்டியின் மூன்று பக்கமும் வெளியே கம்பளி சுற்றுங்கள். பல்பு சூடாக இருக்கும், அதில் துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நார்த்தூளை முழுக்க அள்ளிவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள். ஈரத்தூள் காயத்தில் ஒட்டினால் சீழ் பிடிக்கும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பற்பசை எதுவும் தடவாதீர்கள். பாவிடோன் அயோடினை லைட் டீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து ஒற்றி எடுக்கலாம். மற்றதைக் கால்நடை மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். இரண்டு நாளுக்குள் காட்டுங்கள்.

கோழி வளர்ப்பவர் என்பதால் உங்களுக்கு ஒன்று எளிதில் புரியும். குஞ்சுகளைச் சூட்டில் வைக்கும் புரூடரில் சூடு கூடினால் குஞ்சு பல்பை விட்டு ஓரத்துக்கு ஓடும், குறைந்தால் பல்புக்கடியில் குவியும். குஞ்சைப் பார்த்தே பல்பை ஏற்றி இறக்குகிறோம். பாம்பிடம் அந்தக் கணக்கு செல்லாது. பெட்டி முழுக்கக் குளிராக இருந்து பல்பு மட்டும் சுட்டால், அது பல்பையே சுற்றிக்கொள்ளும். வெந்த பிறகும் அங்கேயே கிடக்கும். சூட்டுக்கல் என்று கடையில் விற்கிற சாமானின் மேல் படுத்து, வயிற்றுச் செதில் வரிசையாக உப்பி, ஈரக் காகிதம் போல உரிந்துவந்த ஒரு பாம்பை என் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லை விற்பவர்களுக்கு என்னிடம் ஒரு நல்ல வார்த்தையும் இல்லை.

எத்தனை வாட் என்ற கேள்வியே, சூட்டை அளந்து ஹீட்டரைத் தானே ஏற்றி அணைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாததால் வருவது. மார்கழி ராத்திரியில் உங்கள் ஊர் 10 டிகிரிக்குப் பக்கம் இறங்கும், மதியம் 20-ஐத் தாண்டும். இரண்டுக்கும் பொருந்துகிற வாட் எதுவும் கிடையாது. வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டர் ஒன்று வாங்குங்கள். ஹோல்டரும் பீங்கானாகவே இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகும். அதை வலைக்கு மேலேயே வைத்து, முட்டை பொரிக்கும் பெட்டிக்குப் போடும் அதே வகைத் தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். தொட்டியின் ஒரு முனையில் பாம்பு படுக்கும் இடம் 31, 32 டிகிரி. மறுமுனை 25, 26. ராத்திரியில் எந்த மூலையும் 22-க்குக் கீழே போகக்கூடாது. சென்சாரைச் சூடான முனையில், பாம்பு படுக்கும் மட்டத்தில் அசையாமல் இறுக்கிக் கட்டுங்கள். பாம்பு அதை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டால், இன்னும் குளிர்கிறது என்று நினைத்து ஹீட்டர் நிற்காமல் எரியும். தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாமல் இரண்டு முனையிலும் தனித்தனியாக டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள். உங்கள் ஊர்க் குளிருக்குக் கண்ணாடியைவிட பிளைவுட் பெட்டி மேல். நாளாவட்டத்தில் நாலடிக்கு இரண்டடியில் காற்றோட்டத்துளை வைத்து ஒன்று செய்துகொள்ளுங்கள்.

சரி, சூட்டுக்கு இவ்வளவு போதும். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ராத்திரியெல்லாம் அது ஏன் கண்ணாடியில் மூக்கைத் தேய்க்கிறது?

ஒளிய இடமில்லை, அதனால்தான். இந்தப் பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பகலில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் அடங்கிக் கிடந்து, இருட்டியபின் வெளியே வரும். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருளும், ஆங்கிலத்தில் பந்து என்று பொருள்படும் 'பால்' என்ற பெயரே அதனால் வந்ததுதான். அதை நாலு பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேலே வெளிச்சம், தினமும் மேலிருந்து வந்து தூக்கும் ஒரு கை என்று வைத்திருக்கிறோம். மேலிருந்து வருவது கழுகாகவும் இருக்கலாம் என்றுதான் அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். பயந்த பாம்பு தின்னாது. ஒளிந்தால் பழகாது என்று சொன்னவருக்குப் பாம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தே கண்காட்சிப் பொருளாக விற்றிருக்கிறார். பத்திரமான இடம் இருக்கிற பாம்புதான் துணிந்து வெளியே வரும்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகைக்குக் காசு கொடுக்காதீர்கள். குயவரிடம் இரண்டு மண்பானை வாங்குங்கள். மகாபலிபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. விஷம் எடுப்பதற்காகப் பிடித்துவரும் நல்ல பாம்பையும் கண்ணாடி விரியனையும் அவர்கள் மண்பானைக்குள் விட்டு வாயைத் துணியால் கட்டிவைக்கிறார்கள். சில வாரம் வைத்திருந்து காட்டில் விடுகிறார்கள். காட்டிலிருந்து அப்போதுதான் வந்த பாம்பு அந்த இருட்டில் அடங்கிக் கிடப்பதை நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு வாழ்ந்தவர்களின் கைப்பழக்கம் அது. எந்தக் கடைக்காரர் பேச்சையும்விட எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

பானை பெரிதாக இருக்கக் கூடாது. பாம்பு சுருண்டால் அதன் விலா பானைச் சுவரில் உரச வேண்டும். சுற்றிலும் ஏதோ தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. சாயம், மெருகு பூசாத பானையாகப் பார்த்து வாங்கி, ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக வெயிலில் காயவிடுங்கள். கவிழ்த்து வைக்கிற மாதிரி விளிம்பில் ஒரு வாசல் வெட்டி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் விரல் வழுக்குகிற அளவுக்குத் தேயுங்கள். நேராகத் தரையில் உட்காரவையுங்கள். தூள்மேல் வைத்தால் பாம்பு அடியில் தோண்டி, பானை சரிந்து நசுக்கிவிடும். பானையை நனைக்காதீர்கள், குடிதண்ணீர்ப் பானை போலக் குளிர்ந்துவிடும். இரண்டு பானையும் ஒரே அளவு, ஒன்று சூடான முனையில், மற்றது குளிர்ந்த முனையில். ஒன்றே ஒன்று வைத்தால், சூடு வேண்டுமா, பத்திரம் வேண்டுமா என்று தினமும் பாம்பு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். மண் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் கரன்ட் போனாலும் சட்டென்று ஆறாது. அதற்குமேல் மின்வெட்டு நீண்டால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மகனிடம் சொல்லுங்கள், பாம்பு தொடர்ந்து மூன்று முறை ஒழுங்காகத் தின்னும்வரை கை வைக்க வேண்டாம். தண்ணீர் மாற்றவும் அழுக்கு எடுக்கவும் மட்டும் திறக்கட்டும். சூடு சரியாகாமல் எலியைக் கொடுக்காதீர்கள், குளிர்ந்த வயிற்றில் அது செரிக்காமல் கக்கிவிடும். பானை வைத்து, சூடு சரியாகி ஒரு வாரம் கழித்து, மருத்துவரும் சரி என்றால், பாம்பின் தடித்த இடத்தைவிடப் பருமனாகாத எலி ஒன்று, ராத்திரியில். உயிரோடு விடாதீர்கள், தின்ன மனமில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். ஃப்ரீசரில் உறையவைத்த செத்த எலியை உருக்கி, வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். தின்றபின் இரண்டு நாள் தொந்தரவு கூடாது.

ஏழு வாரப் பட்டினி இந்த இனத்துக்குப் பெரிதல்ல, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தின்னாமல் கிடக்கும். சமையல்கட்டுத் தராசில் வாரம் ஒருமுறை, ஒரு டப்பாவில் விட்டு எடை பாருங்கள். இதற்காகத் தூக்குவது மட்டும் பரவாயில்லை. இன்றைய எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தாலோ, மூக்கில் நுரை கட்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தேயிலைக்கு மருந்தடித்துவிட்டு அதே உடையில் அந்த அறைக்குள் போகாதீர்கள், கொசுவர்த்தியும் அங்கே வேண்டாம். காயம் ஒரே தடவையில் மறையாது, சில முறை சட்டை உரித்த பிறகுதான் செதில் சீராகும். ஒவ்வொரு முறையும் உரித்த சட்டையை எடுத்து, காயமிருந்த விலாப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருக்கம் குறைந்துகொண்டே வந்தால் ஆறுகிறது என்று அர்த்தம்.