ஆடு மாடு ப்ரியோன் நோய்ல இம்யூன் செல் என்ன பண்ணுது? கேட்டவங்களுக்குப் பதில்

மேட் கவ் (ப்ரியோனால மாட்டு மூளை கெடுற நோய்) கதை வந்ததுல இருந்து ஆளாளுக்குக் கேக்குறீங்க, ஒரேயடியா எழுதிர்றேன்.

வெள்ளவத்தை அக்கா: டொக்டர், கிருமி வந்தா இம்யூன் செல் அடிச்சுத் துரத்துமே, ப்ரியோனை ஏன் விட்டுடுது?

அக்கா, இது பக்டீரியாவும் இல்ல வைரஸும் இல்ல. ஆட்டின்ட உடம்புலயே இருக்கிற பிஆர்பி என்ட புரோட்டீன் தான் மடிப்பு மாறி நிக்குது. சொந்தப் புரோட்டீன் தானே என்டு உடம்பு அன்டிபொடி போடாது. அதனால ரத்தத்துல அன்டிபொடி பாக்குற டெஸ்ட் சரிவராது. வக்சினும் இல்ல.

கொட்டாஞ்சேனை தம்பி: அப்போ இம்யூன் செல்லுக்கு வேலையே இல்லையா அண்ணே?

இருக்குடா, நோய் ஊண்டுறதே அங்க தான். தீனியோட போன ப்ரியோன் குடல் சுவர்ல வாசல் மாதிரி இருக்கிற எம் செல் வழியா பேயர்ஸ் பாட்ச் என்ட குடல் நிணநீர்த் திட்டுக்குள்ள இறங்கும், மெக்ரோஃபேஜ் என்ட விழுங்குற செல் கொஞ்சத்தைத் தின்னு அழிக்கும் தான், ஆனா ஃபொலிகியுலர் டென்ட்ரிடிக் செல் என்டு ஒன்டு இருக்கு, சுருக்கமா எஃப்டிசி, கிருமித் துண்டைப் பிடிச்சு மேல ஒட்டி வச்சு, அன்டிபொடி செய்யுற பி செல்லுக்குக் காட்டுறது அதுட வேலை, கொம்ப்ளிமென்ட் என்ட ரத்தப் புரோட்டீன் ஒட்டின எதையும் பிடிக்கும், ப்ரியோனையும் அப்படியே பிடிச்சு வச்சிருக்கும், அந்த செல்லுல நல்ல பிஆர்பியும் நிறைய இருக்கிறதால அங்கயே பெருகிரும். பிறகு பக்கத்து நரம்பு வழியா முள்ளந்தண்டு, மூளை. 1997ல பி செல் இல்லாத எலிக்கு வயித்துல ப்ரியோனை ஊசி போட்டுப் பாத்தாங்க, நோய் வரல்ல. பி செல் தான் ப்ரியோனைக் காவுது என்டு தோணும், ஆனா விஷயம் வேற: பி செல் சிக்னல் குடுக்காட்டி எஃப்டிசி வளராது.

தெஹிவளை நானா: மாட்டுக்கும் இதே கதை தானா?

இல்ல நானா. செம்மறிக்கு ஸ்க்ரேப்பி (ஆட்டுக்கு வாற ப்ரியோன் நோய்) வந்தா பெரும்பாலும் மண்ணீரல், டொன்சில், நிணநீர்க் கணு எல்லாத்துலயும் கிடக்கும். மாட்டுல சிறுகுடல்ட கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கும், அங்கயிருந்து நேரா நரம்பு தான். பிரித்தானியாவுல மேட் கவ்வை 1986ல கண்டுபிடிச்சதுக்குப் பிறகு 1,80,000க்கு மேல மாடு பிடிபட்டிச்சு, எல்லாம் செத்த பிறகு மூளைத்தண்டை வெட்டிப் பாத்துத் தான் உறுதிப்படுத்தினது.

மட்டக்குளியில இருந்து ஒருத்தர்: அப்போ செம்மறிய உயிரோட செக் பண்ணலாமா?

ஏலும். மலவாசலுக்குக் கொஞ்சம் உள்ள மரக்க மருந்து போட்டு, உள்தோல்ல ஒரு சின்னத் துண்டு நறுக்கி எடுத்து சாயம் போட்டுப் பாப்பாங்க. அதுல ஃபொலிகிள் (எஃப்டிசி இருக்கிற நிணநீர் முடிச்சு) போதுமான அளவு அம்பிடணும், இல்லாட்டி திரும்ப வெட்டணும், ஆட்டைப் பிடிச்சிருக்கிறவன் பாடு தான் பெரும்பாடு. நெகட்டிவ் வந்தாலும் நோய் இல்ல என்டு சத்தியம் பண்ணேலாது, சில ஆட்டுல நிணநீர்ப் பக்கம் போகாமலே மூளைக்குப் போயிரும்.

தங்கச்சி ஒன்டு: நல்லா வேக வச்சா செத்துரும் தானே, ஆட்டுத் தலைக்கறி சாப்பிடலாமா?

அவிச்சாலும் ப்ரியோன் அழியாது தங்கச்சி, ஒட்டோக்ளேவ்லயே 134 டிகிரியில 18 நிமிஷம் வைக்கச் சொல்றாங்க, அதுவும் முழு கேரண்டி இல்ல. ஆனா ஸ்க்ரேப்பி மனுசனுக்குத் தொத்தினதுக்கு ஆதாரம் இல்ல. மாட்டு நோய்க்கும் மனுசனுக்கும் தொடர்பு இருக்கலாம் என்டு தான் 1996ல பிரித்தானியா சொன்னது. தலைக்கறிக்கு கொலஸ்ட்ரோலைத் தான் நான் பயப்படச் சொல்லுவேன்.