பக்கத்து ஆலையும் நம் தண்ணீர்க் கணக்கும்: டர்பன் கேள்வி பதில்

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் தெற்குப் பகுதி, பீனிக்ஸ், டொங்காட் பக்கத்து ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பில்லில் வருவது கிலோலிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர். கீழே வரும் கணக்கு பெரும்பாலும் அதில்தான்.

ஐயா, எங்கள் ஆலைக்குள் முடிந்த அளவு சேமித்துவிட்டோம். பிறகு எதற்குப் பக்கத்து ஆலைகளோடு கூட்டு? (இசிபிங்கோ, பராமரிப்பு மேற்பார்வையாளர்)

உங்கள் குழாயும் அவர்கள் குழாயும் ஒரே தொட்டியில் இருந்து வருவதால். டர்பனுக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு உம்கேனி ஆற்றுடையது: மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டா அணைகள். அங்கிருந்து வருவதில் எவ்வளவு வழியிலேயே போகிறது என்பதுதான் பிரச்சினை. நீர் இழப்பை அளவிடும் அரசின் 2023 'நோ டிராப்' அறிக்கைப்படி, நாடு முழுவதும் நகராட்சிகள் விநியோகித்த நீரில் 47.4 விழுக்காட்டுக்கு வருமானம் இல்லை. கசிவு, திருட்டு, பில் போடாதது எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் வேலிக்குள் பத்து விழுக்காடு குறைத்தாலும், வெளியே மெயின் குழாய் உடைந்தால் உங்கள் டேங்க் காலிதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, ஊர் மாதக்கணக்கில் தவித்தது. அங்கிருந்த எந்த ஆலையின் சேமிப்பும் அதைத் தடுத்திருக்காது.

'சேமித்துவிட்டோம்' என்றீர்களே, அதையும் ஒருமுறை சோதித்துவிடலாம். அடுத்த கேள்வி அதுதான்.

கசிவு இருக்கிறதா என்று செலவில்லாமல் பார்ப்பது எப்படி?

டிசம்பர் அடைப்புதான் நல்ல சமயம். ஆலை நிற்கிறது, ஆட்கள் இல்லை. இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் மெயின் மீட்டரைப் படியுங்கள். அதற்கு முன் தானாக நிரப்பும் டேங்குகளின் மிதவை வால்வுகளை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் டேங்க் நிரம்புவதைக் கசிவு என்று நினைத்துவிடுவீர்கள். மீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு கிளை வால்வாக மூடி, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மீட்டர் முழுதாக நிற்காமல் வேகம் மட்டும் குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், பழைய வால்வு முழுதாக மூடாமலும் இருக்கலாம்.

சின்ன ஓட்டையை லேசாக எண்ண வேண்டாம். 5 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோலிட்டர் தண்ணீரை விட்டுவிடும். 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 1.3 கிலோலிட்டர். அழுத்தத்தை 6 பாரிலிருந்து 4-க்குக் குறைத்தால், கலவையான குழாய் வலையில் கசிவு தோராயமாக மூன்றில் ஒரு பங்கு குறையும். பிளாஸ்டிக் குழாய் என்றால் இன்னும் அதிகம், ஏனென்றால் அழுத்தம் கூடும்போது அதன் விரிசலும் அகலமாகிறது.

அழுத்தக் குறைப்பு வால்வு வைக்கும்போது அதற்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். மணல் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்து, வால்வு முழுதாகத் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். தீயணைப்புக் குழாயை இதில் சேர்க்கவே கூடாது. ஸ்பிரிங்க்ளருக்குத் தேவையான அழுத்தத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குங்கள்.

கூலிங் டவர் தண்ணீரை எவ்வளவு தூரம் சுற்றவிடலாம், அண்ணா? (பீனிக்ஸ்)

கூலிங் டவர் நீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது, உப்பு மட்டும் தங்கிவிடும். ஆவியாவது நாளுக்கு 100 கிலோலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு மூன்று மடங்கு சேரும் வரை விட்டு வெளியேற்றினால், கழிவு 50, மொத்தத் தேவை 150. ஆறு மடங்கு வரை விட்டால் கழிவு 20, தேவை 120. நாளுக்கு 30 கிலோலிட்டர் மிச்சம். மிட்மார் பக்கத்து நீர் மென்மையானது, ஆறு மடங்கு எட்டாத தூரம் இல்லை. ஆனால் மென்மையான நீர் இரும்பை அரிக்கும், தடுப்பு மருந்தை நிறுத்தாதீர்கள். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருந்தால், நீரில் சேரும் குளோரைடு அதையும் அரிக்கும். உப்பின் அளவைக் காட்டும் கடத்துதிறன் சென்சாரை வாரம் ஒருமுறை துடையுங்கள். அழுக்கு படிந்தால் அது குறைத்துக் காட்டும், வெளியேற்றும் வால்வு திறக்காது, உப்புப் படிவு பிடிக்கும். நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்கான சோதனையைத் தண்ணீர் சேமிப்புக்காகத் தள்ளிப்போடக் கூடாது.

மியர்பேங்க் மறுசுழற்சி ஆலை மாதிரி எங்களுக்கும் ஒன்று கட்ட முடியுமா? கழிவுநீர் என்றால் தொழிலாளர்கள் பயப்படுகிறார்கள்.

2001-இல் தொடங்கியது அது. நகராட்சிக் கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்திகரித்தபின், படிவுத் தட்டுகள், இரு ஊடக வடிகட்டி, ஓசோன், செயலூட்டிய கரி, குளோரின் என்று கடத்தி, நாளொன்றுக்கு 47.5 மில்லியன் லிட்டர் வரை தரும் திறனோடு கட்டப்பட்டது. வாங்கியவர்கள் மோண்டி காகித ஆலையும் சாப்ரெஃப் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும். குடிக்க அல்ல, தொழிலுக்கு மட்டும்.

அதைப் பிரதி எடுக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தைத்தான் பார்க்கிறார்கள். என் பார்வையில் சூட்சுமம் வேறு: அவர்களிடம் பக்கத்திலேயே, எப்போதும் தண்ணீர் எடுக்கும் இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சாப்ரெஃப் 2022-இல் எண்ணெய் சுத்திகரிப்பை நிறுத்தியது. அப்படி ஒரு வாடிக்கையாளர் நின்றால், செலவு மற்றவர் தலையில் விழுகிறது. எனவே ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச அளவுக்குப் பணம் கட்டுவது, ஒருவர் விலகினால் என்ன செய்வது, இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

உங்கள் உபயோகத்தைப் பொறுத்துத் தரம் கேளுங்கள். காகிதத்துக்கு நிறமும் இரும்பும் முக்கியம். கூலிங் டவரில் செம்புக் குழாய் இருந்தால் அம்மோனியா எதிரி. குடிநீர்க் குழாயோடு இணைப்பே இருக்கக் கூடாது. மறுசுழற்சி நீர் குறையும்போது அதன் டேங்கில் குடிநீரை விட வேண்டியிருந்தால், குழாய் வாய்க்கும் டேங்கின் நிரம்பி வழியும் மட்டத்துக்கும் இடையே குழாய் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். அந்த நீர் குடிநீரில் கலக்க வழியில்லை என்று இதைச் சொன்னால் தொழிலாளர்களின் பயம் பாதி தீரும். மீதி, குழாய்களுக்கு வேறு வண்ணம் அடித்தால் தீரும்.

போர்வெல் போட்டுவிட்டால் என்ன?

தோண்டும் முன் 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின்படி உங்கள் அளவுக்குப் பொது அனுமதி போதுமா, உரிமம் வேண்டுமா என்று கேளுங்கள். கடலோரத்தில் அதிகமாக இறைத்தால் உப்பு ஏறும். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் டர்பனில் 2,000 சதுர மீட்டர் கூரையே, வீணாவது போக, சுமார் 1,600 கிலோலிட்டர் தரும், அதை முதலில் பிடியுங்கள். ஒவ்வொரு மழையிலும் முதல் 2,000 லிட்டரை விட்டுவிடுங்கள், அதில் கூரைப் புழுதிதான்.

கூட்டமைப்பை எப்படித் தொடங்குவது? மேலிடம் முத்திரைச் சான்று கேட்கிறது.

சான்று வேண்டுமென்றால், நீரைப் பொறுப்போடு பயன்படுத்துவதற்கான சர்வதேச அமைப்பான அலையன்ஸ் ஃபார் வாட்டர் ஸ்டூவர்ட்ஷிப்பின் தரநிலை இருக்கிறது, 2019-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. தகவல் சேகரி, உறுதி எடு, செய், மதிப்பிடு, வெளிப்படுத்து என்று ஐந்து படி. வேலைக்கு முன் சான்றைத் தேடினால் கோப்புதான் தடிக்கும், தம்பி.

ஒரே ரிசர்வாயரில் இருந்து நீர் வரும் நான்கைந்து ஆலைகளோடு தொடங்குங்கள், நாற்பதோடு வேண்டாம். முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் கடந்த பன்னிரண்டு மாத மீட்டர் அளவைக் கொண்டுவரட்டும். உற்பத்தி ரகசியம் வெளியாகும் என்று தயங்குவார்கள். நடுநிலையான ஒருவர் எண்களைக் கூட்டி, மொத்தத்தை மட்டும் காட்டினால் போதும். நகராட்சிப் பொறியாளரை முதல் கூட்டத்திலேயே அழையுங்கள், மூன்றாவதில் அழைத்தால் அவர் குறை கேட்கும் அதிகாரியாகத்தான் வருவார். அழுத்தக் குறைப்பு வால்வுக்குப் பணம் ஆலைகளிடம், குழாய் நகராட்சியுடையது என்றால், வால்வு யாருக்குச் சொந்தம், ஐந்தாண்டு கழித்து டயாஃப்ரம் யார் மாற்றுவார் என்று எழுதுங்கள். இப்படிப்பட்ட திட்டங்கள் அதிகமாகச் சாவது இந்த வரி இல்லாமல்தான்.

ஆறு தொடங்கும் மேல்நிலத்தில் அந்நிய மரம் வெட்டப் பணம் கொடுப்பது நமக்கு லாபமா? (டொங்காட்)

1995-இல் காதர் அஸ்மால் நீர்த்துறை அமைச்சராக இருந்தபோது தொடங்கிய 'வர்க்கிங் ஃபார் வாட்டர்' திட்டத்தின் அடிப்படையே இதுதான். கறுப்பு வாட்டில், யூகலிப்டஸ் போன்ற அந்நிய மரங்கள் ஆற்றுக்குப் போகும் நீரைக் குடித்துவிடுகின்றன. இப்படி மரம் வெட்டப் பணம் திரட்டும் கேப்டவுன் நீர் நிதி, ஆறு ஆண்டுகளுக்குள் ஆண்டுக்கு 55 பில்லியன் லிட்டர் மீட்கலாம் என்று 2018-இல் கணக்கிட்டது.

ஆனால் வெட்டுவது பாதி வேலை. வெட்டிய அடிக்கட்டையில் உடனே களைக்கொல்லி தடவாவிட்டால் பல மரங்கள் மறுபடி துளிர்க்கும். வாட்டில் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் ஒரே நேரத்தில் முளைக்கும். அதனால் முதல் ஆண்டு செலவோடு, மறுவெட்டுக்கான பணத்தையும் தனிக் கணக்கில் ஒதுக்காத திட்டத்துக்கு உங்கள் கம்பெனிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.